தளர்ந்த கம்பியை முறுக்காதீர்கள்

கூரைக்குக் கீழே ஒரு கம்பி குறுக்கே போனால் போதும், அதில் எதையாவது மாட்டாமல் நம் ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது. பழைய மர உத்தரங்களைத் தாங்கும் இரும்புக் கம்பிகளில் என்னென்னவோ தொங்கப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடை, ஈர லுங்கி, மின்விசிறி, ஆயுத பூஜைத் தோரணம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்த தூளி. ஒரு பட்டறையில் மோட்டார் சைக்கிள் எஞ்சினையே சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். "இது கூரையைத் தாங்குற கம்பிங்க" என்று சொன்னேன். "அதான் மேடம், கூரையையே தாங்குது, இத்த தாங்காதா?" என்று பதில் வந்தது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். பழைய கட்டடங்களுக்குள் போய் அண்ணாந்து பார்த்து, இது நிற்குமா நிற்காதா என்று சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதே வேலைக்கு இப்போது வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கருவிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. மரத்துக்குள் ஊசி இறக்கிப் பார்க்கும் உங்கள் மெஷினை என்னைவிட நீங்கள் நன்றாகக் கையாளுவீர்கள். மரத்தோடு நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. தொண்டை வற்றியதெல்லாம் மனிதர்களிடம்தான். அப்படித் தொண்டை வற்றிய ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஒரு பழைய அரிசி மில் இருந்தது. மில் ஓடி வெகு காலம் ஆகிவிட்டது. அதன் கொடவுன் மட்டும் மங்களூர் ஓட்டுக் கூரையோடு திடமாக நின்றது. சொந்தக்காரர் பெயர் தணிகாசலம். பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். அறுபதை நெருங்கிய, வாட்டசாட்டமான மனிதர். அவருடைய அப்பா விட்டுப்போன கொடவுனை, உரமும் ரசாயனப் பொடியும் கட்டி அனுப்புகிற பெரிய நெய்த பைகளைத் தைக்கும் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சுற்று வட்டாரத்துப் பெண்கள் அங்கே தையல் மெஷின்களில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் எஸ்தர். மெஷினில் உட்கார்ந்து தைத்துத் தைத்து அந்த இடத்துக்கு வந்தவள். எல்லோருக்கும் மேலே மேனேஜர் பிரகாஷ், தினமும் சென்னையிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்.

வெளிநாட்டில் பை வாங்குகிறவர்கள் கட்டடம் பத்திரமாக இருக்கிறதா என்று சர்டிபிகேட் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் இறங்கியதும் பிரகாஷ் சொன்ன முதல் வார்த்தை: "ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம். மத்தியானத்துக்குள்ள குடுத்துட்டீங்கன்னா நல்லது." இந்த வாக்கியத்தை நீங்களும் உங்கள் காலம் முழுக்கக் கேட்பீர்கள். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனேன். ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தேக்கு உத்தரங்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பி. வில்லையும் நாணையும் நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். மேலே இருக்கும் உத்தரம் வில்லின் கட்டை, கீழே இருக்கும் கம்பி நாண். நடுவில் இரண்டு குட்டை இரும்புக் கால்கள் உத்தரத்தின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கம்பியின் மேல் நிற்கும். கம்பியின் இரண்டு நுனிகளும் உத்தரத்தின் இரண்டு முனைகளில் தகடு வைத்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். கம்பியின் மத்தியில் டர்ன்பக்கிள் என்ற முறுக்கு இரும்பு இருக்கும். அதைச் சுற்றினால் கம்பி இறுகும், திருப்பிச் சுற்றினால் தளரும். கம்பி விறைப்பாக இருக்கும்வரை உத்தரம் தொய்யாது. ஆனால் அந்த விறைப்பு முழுவதும் கடைசியில் போய் உட்காருவது உத்தரத்தின் முனைகளில். அந்த முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். யார் கண்ணுக்கும் தெரியாது.

கையில் ஒரு சின்ன சுத்தியலோடு கம்பி கம்பியாகத் தட்டிக்கொண்டு போனேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு தணிகாசலம் கூடவே வந்தார். கம்பிகள் எல்லாம் மணி மாதிரி கணீரென்றன. பின்பக்கத்து உத்தரத்தில் மட்டும் சத்தம் செத்துப்போயிருந்தது. கையால் அசைத்தால் கம்பி ஆடியது.

"இது இன்னா மேடம், இது மட்டும் ஒரு மாதிரி கேக்குது?"

"தளர்ந்திருக்கு."

"அவ்ளோதானா? முறுக்கிட்டா போச்சு."

"முறுக்கக் கூடாதுங்க. ஏன் தளர்ந்துச்சுன்னு மொதல்ல பாக்கணும்."

"தளந்தா முறுக்கணும், அவ்ளோதான் மேடம். சைக்கிள் செயின் தளந்தா இன்னா பண்றோம்?"

"இது சைக்கிள் இல்லீங்க. தயவுசெய்து என்னக் கேக்காம யாரும் தொடாதீங்க."

"தொடமாட்டேன் மேடம். எங்க நைனா காலத்துலேர்ந்து நிக்கிது. நல்லாத்தான கீது."

பிரகாஷிடமும் சொன்னேன். அந்த உத்தரத்துக்குக் கீழே இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், நான் பார்த்து முடிக்கும்வரை யாரும் அங்கே இருக்க வேண்டாம் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு ஒரு கண்டெய்னர் போக வேண்டும், தைத்து மடித்த பைக்கட்டுகள் முழுவதும் அந்த உத்தரத்துக்குக் கீழேதான் அடுக்கியிருக்கின்றன என்றார். பைகள் இருக்கட்டும், மனிதர்கள் வேண்டாம் என்றேன். எஸ்தர் அதற்குள் பெண்களை எழுப்பி மெஷின்களை வாசல் பக்கம் இழுக்க வைத்துவிட்டாள். பிரகாஷ் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிற பெண்களைப் பார்த்து ஆண்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அதற்கும் பழகிக்கொள்ளுங்கள், குறிப்பாக உங்களில் பெண்களாக இருப்பவர்கள்.

உத்தரத்தின் முனை சுவரின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க, கொடவுனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. புடவையை முள் இழுத்தது. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், சரியாக அந்த உத்தரம் இருக்கும் இடத்தில் சுவர் பச்சைப்பசேல் என்று பாசி பிடித்துக் கிடந்தது. அதன் இடுக்கில் ஒரு அரச மரக் கன்று தளதளவென்று நின்றது. பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டின் மேல் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க். டேங்கின் வழியும் குழாயைக் கீழே திருப்பிவிட வேண்டிய எல்போ என்ற வளைந்த துண்டு எப்போதோ கழன்று விழுந்திருக்க வேண்டும். குழாய் சுவரின் உச்சியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டேங்க் நிரம்பி, தண்ணீர் குபுகுபுவென்று நேராக அந்தப் பாசியின் மேல் கொட்டியது.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஏய், செவுத்துல தண்ணி வுழுது பாரு! மோட்டார ஆஃப் பண்ணு!"

மோட்டார் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. டேங்க் நிரம்பியது என்று தெரிந்துகொள்ள அவர்கள் வைத்திருந்த மணியே சுவரில் தண்ணீர் விழும் சத்தம்தான். ஒரு குட்டி எல்போ வாங்கி மாட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவர் ஊற ஊற, அதற்குள் இருந்த தேக்கு முனையும் ஊறி மக்கியிருக்கும். மக்கிய மரத்துக்குள் தகடு புதைந்திருக்கும். தகடு உள்ளே போகப் போகக் கம்பி தளர்ந்திருக்கும். அந்தக் கம்பியை இப்போது முறுக்கினால் தகடு இன்னும் உள்ளே போகும். மிச்சம் இருக்கும் மரமும் பிளக்கும்.

இதை நான் மனதுக்குள் சொல்லி முடிக்கவில்லை. உள்ளே படாரென்று கட்டை பிளக்கும் சத்தம் கேட்டது.

முள்ளையும் புடவையையும் பார்க்காமல் ஓடினேன். வாசலில் நுழைந்தபோது தணிகாசலம் ஏணியின் உச்சியில், அந்த உத்தரத்துக்கு நேர் கீழே, பெரிய பைப் ரெஞ்சைக் கையில் பிடித்தபடி நின்றார். டர்ன்பக்கிளைச் சுற்றியிருந்தார். சுவர் ஓரத்தில் உத்தரத்தின் முனையிலிருந்து பழுப்புத் தூள் சன்னமாக உதிர்ந்துகொண்டிருந்தது. முனையில் ஆரம்பித்த ஒரு வெடிப்பு மரத்தின் ஓட்டத்தோடு உள்பக்கம் நீண்டிருந்தது. அவர் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி பயமாக மாறிக்கொண்டிருந்தது.

கத்தினால் அவர் பதறுவார் என்று தெரிந்ததால் குரலை அடக்கிக்கொண்டேன். இந்த இடத்தில் உங்களுக்கும் அதையே சொல்வேன். ஏணி மேல் நிற்கிறவரைத் திட்டாதீர்கள். திட்டுவதற்கு அவர் கீழே வந்த பிறகு நிறைய நேரம் கிடைக்கும்.

"கைய எடுங்க. ரெஞ்ச அங்கயே வுட்டுட்டு மெதுவா எறங்குங்க."

"மேடம், ரெண்டே சுத்து. திருப்பி வுட்டுர்றேன். நான் போட்டத நானே கயிட்டிர்றேன்."

"வேணாம்."

"இல்ல மேடம், பழையபடி ஆக்கிர்றேன்."

"பழையபடி ஆவாது. அந்த முனை ஒடைஞ்சுடுச்சு. இப்ப நீங்க கம்பிய வுட்டா அந்த உத்தரத்தப் புடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. எறங்குங்க."

அவர் ரெஞ்சைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை மறுபடியும் டர்ன்பக்கிள் பக்கம் போனது. செய்த தப்பை அழித்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் பார்த்த விபத்துகளில் பல, முதல் தப்பில் நடந்தவை அல்ல. அதை அவசர அவசரமாகத் திருத்தப்போன இரண்டாவது கையில் நடந்தவை.

"தணிகாசலம் சார், நான் சொல்றத ஒரே ஒரு தடவ கேளுங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ தெரியவில்லை, அவர் இறங்க ஆரம்பித்தார்.

இதற்குள் எஸ்தர் யாரையும் கேட்காமல் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தாள். மெஷின்கள் நின்றன. "எல்லாம் வெளிய! பை, டிபன் ஒண்ணும் எடுக்க வேணாம், வெளிய!" பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் பாதி வழியில் திரும்பி, "போன் உள்ளயே கீதுக்கா, எடுத்துகினு வந்துர்றேன்" என்று பைக்கட்டுகளின் பக்கம் நடந்தாள். எஸ்தர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அது கிழிந்தது. இருவரும் வெளியே வந்து விழுந்தார்கள். கிழிந்த முந்தானைக்கு அந்தப் பெண் அழுதாள். எஸ்தர் தன் துப்பட்டாவை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் எல்லோரும் நின்றோம். வாசலுக்கு வெளியிலிருந்தே உத்தரத்தின் அடிவிளிம்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் பின்சுவரில் மின்சாரப் பைப் ஒன்று படுக்கையாகப் போனது. ஒரே இடத்தில் நின்று, உத்தரத்தின் விளிம்பையும் அந்தப் பைப்பையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உத்தரம் இறங்குகிறதா இல்லையா என்று தெரிய எனக்கு வேறு வழி இல்லை. இறங்கினால் பக்கத்தில் போகக் கூடாது. அசையாமல் நின்றால், முட்டுக் கொடுக்கலாம்.

அதுதான் அன்றைக்கு நான் செய்த முக்கியமான வேலை. பார்ப்பவர்களுக்கு நான் சும்மா நிற்பதாகத்தான் தெரிந்தது.

"இன்னா மேடம், சும்மா பாத்துக்கினு நிக்கிறீங்க? எதாச்சும் பண்ணுங்க!" என்று தணிகாசலம் கையைப் பிசைந்தார்.

"பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"நீங்க அத்த தட்டித் தட்டிப் பாத்துதான் இப்டி ஆச்சு. காலைல வரைக்கும் ஒண்ணும் ஆவல."

நான் விளிம்பையும் பைப்பையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் கோடு தவறிவிடும் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது இன்னொன்று.

அந்த நேரம் பார்த்துக் கண்டெய்னர் லாரி வந்து நின்றது. பிரகாஷ் போனில் யாருக்கோ "ஃபைவ் மினிட்ஸ் சார், ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மேடம், லோடிங் ஆளுங்க நாலு பேர் வந்திருக்காங்க. சீக்கிரம் போயி பண்டிலெல்லாம் வெளிய இழுத்துட்டு வந்துடுவாங்க. கப்பல் நமக்காக நிக்காது."

"உள்ள யாரும் போகக் கூடாது."

"இவ்ளோ நேரம் அப்படியேதானே நிக்குது? விழறதா இருந்தா விழுந்திருக்காதா?"

"நின்னுக்கிட்டு இருக்குன்னா தாங்குதுன்னு அர்த்தமில்ல சார்."

"அப்ப நீங்க ரெஸ்பான்சிபிலிட்டி எடுத்துக்கறீங்களா? சரக்கு போகலன்னா ஆர்டரே போயிடும். இந்த யூனிட்ட மூடிட்டு ஆந்திரா பக்கம் போயிடுவோம். எங்க எம்.டி. ஏற்கெனவே அதான் சொல்லிட்டு இருக்காரு."

இதை அவர் பெண்களின் காதில் விழும்படி சொன்னார். எஸ்தர் என் பக்கம் வந்தாள்.

"நெஜமா வுழுந்துருமா மேடம்?"

"தெரியாதும்மா. விழலாம்."

"இத்த மூடிட்டா நாங்க எங்க போறது? கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போறதுன்னா பஸ்ஸ புடிச்சு, ஷிஃப்ட்ட பாத்து... பாதி பேர ஊட்டுல அனுப்ப மாட்டாங்க. நாங்க நடந்து வந்துகினு கீறதால வேல செய்றோம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் அல்ல. ஒரு எல்போ மாட்டாத சோம்பலுக்கும், ஒரு ரெஞ்ச் எடுத்த அவசரத்துக்கும், ஒரு கண்டெய்னருக்கும் நடுவில் இந்தக் கேள்வி வந்து என் தலையில் உட்கார்ந்ததே என்ற ஆத்திரம். அவளிடம் என்ன சொல்ல? "முழுசா மூடணுமான்னு எனக்கு இன்னும் தெரியாது. இன்னிக்கு உள்ள போகக் கூடாதுன்னு மட்டும் தெரியும்" என்றேன்.

அவள் திரும்பிப் போய் வாசலின் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லோடிங் ஆட்கள் அவளைத் தாண்டிப் போகவில்லை. பிரகாஷ் கேட்டதற்கு, "மேடம் சொல்ட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அவரிடம் வேலை பார்க்கிறவள் அவள். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் மறுநாளும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

தணிகாசலத்துக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அவரும் அடங்குவார், எனக்கும் உதவியாக இருக்கும் என்று தோன்றியது. சென்ட்ரிங் போடுகிற யாரையாவது கூப்பிடச் சொன்னேன். புதுவாயலிலிருந்து ஏழுமலை என்ற மேஸ்திரி, குட்டி யானை வண்டி நிறைய இரும்பு ஜாக்கிகளோடு வந்தார். கான்கிரீட் தளம் காயும்வரை முட்டுக் கொடுக்கிறார்களே, அந்த ஜாக்கிகள். அவர் வந்து சேரும்வரை உத்தரத்தின் விளிம்பு பைப்பின் கோட்டைவிட்டு நகரவில்லை. தூள் உதிர்வதும் நின்றிருந்தது. போகலாம் என்று முடிவு செய்தேன். நானும் ஏழுமலையும் மட்டும். முதலில் பக்கத்தில் நல்ல நிலையில் இருந்த உத்தரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நின்று பார்த்து, பிறகு அங்கிருந்து கெட்டதை நோக்கி நகர்வது என்று திட்டம். வேலை நெடுக ஒரு காலை வாசல் பக்கமே வைத்திருக்கச் சொன்னேன்.

ஏழுமலை நல்ல வேலைக்காரர். பலகை வைத்து, ஜாக்கியை நிறுத்தி, திருகி, உத்தரத்தைத் தொட்டதும் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு இஞ்ச் தூக்கி வுட்டுரட்டுமா மேடம்? நேராயிரும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊரில் எதையும் இருக்கிறபடி விட்டுவைக்க யாருக்குமே தெரியாதா? ஒருவர் முறுக்க வேண்டும் என்கிறார், ஒருவர் கழற்ற வேண்டும் என்கிறார், ஒருவர் தூக்க வேண்டும் என்கிறார்.

"தூக்காதீங்க மேஸ்திரி. தொட்டுக்கிட்டு நின்னா போதும். இப்ப இருக்கற எடத்துலயே அது இருக்கட்டும்."

"ஒங்க இஸ்டம். ஆனா கோணலாத்தான் நிக்கும்."

"கோணலாவே நிக்கட்டும்."

வெடித்த முனைக்கு அருகில் கடைசி ஜாக்கியை நிறுத்தும்போது மேலே கட்டை ஒருமுறை முனகியது. இருவரும் அப்படியே நின்றோம். ஏழுமலை கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பார்த்தேன். பிறகு சத்தம் இல்லை. அவர் கடைசித் திருகைக் கொடுத்தார். ஜாக்கி உத்தரத்தைத் தொட்டது. வெளியே வந்து நான் தண்ணீர் கேட்டேன். எஸ்தர்தான் கொண்டு வந்து கொடுத்தாள்.

பைக்கட்டுகளை வெளியே எடுத்து முடிக்கும்போது லாரி போயே போய்விட்டது. அன்றைய சரக்கு அடுத்த கப்பலில்தான் போனது. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. போகும் என்று சொன்னவர் அதைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது. அன்றைக்கே சுவரை இடித்து உத்தரத்தின் முனையைத் திறந்து காட்டினோம். பெரிய பேண்டேஜைப் பிரித்த மாதிரி இருந்தது. கையை விட்டால் தேக்கு ஈரப் புண்ணாக்காக உதிர்ந்து வந்தது. அதன் நடுவில் தகடு மூழ்கிக் கிடந்தது. தணிகாசலம் அதைப் பார்த்த நொடியில் முழுதாக மாறிவிட்டார்.

"எல்லாத்தையும் இடிச்சிர்றேன் மேடம். மேல ஷீட்ட போட்டுர்றேன். இந்த பேஜாரே வேணாம்."

பிரகாஷும் தலையாட்டினார். "பெட்டர். டோட்டலா டெமாலிஷ் பண்ணிடலாம்."

காலையில் ஒன்றுமே இல்லை என்ற அதே இரண்டு பேர்தான் இப்போது எல்லாவற்றையும் இடி என்றார்கள். உங்களுக்கு இது நடக்கும். ஒரு உத்தரம் கெட்டிருக்கிறது என்று சொல்லிப் புரியவைக்க நாளெல்லாம் தொண்டை கிழியும். புரிந்த அடுத்த நிமிடமே, மீதி உத்தரங்கள் நன்றாக இருக்கின்றன என்று புரியவைக்க மறுபடியும் தொண்டை கிழியும். பயம் இல்லாதவர்களிடமும் பயந்துபோனவர்களிடமும் ஒரே அளவு பொறுமை வேண்டும். என்னிடம் அது ஒருநாளும் போதுமான அளவு இருந்ததில்லை.

"ஒண்ணு கெட்டிருக்கு. மத்ததுங்கள ஒவ்வொண்ணா தொறந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இடிக்கவும் வேணாம், உள்ள ஆள உட்கார வெக்கவும் வேணாம்."

பார்த்தேன். எல்லா முனைகளையும் திறந்து பார்த்தேன். தண்ணீர் விழாத இடத்தில் மரம் இரும்பாக இருந்தது. கெட்ட உத்தரத்தின் மக்கிய முனையை வெட்டி எடுத்து, புதுத் தேக்கு சேர்த்து, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு போட்டுப் பிணைக்க வைத்தேன். அதன் பிறகுதான் கம்பியைப் பூட்டினோம். டேங்குக்கு எல்போ வந்தது. வேலை நடந்த நாட்களில் பெண்கள் மில் முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து தைத்தார்கள். பிறகு எல்லோரும் உள்ளே திரும்பி வந்தார்கள். சர்டிபிகேட்டும் கொடுத்தேன். ஏன் அன்றைக்கு முறுக்கினீர்கள் என்று ஒருநாள் தணிகாசலத்தைக் கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். "நீங்க பின்னால போய்ட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணி வெச்சா பாஸ் போட்டுருவீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றார். அதற்கு மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

கொஞ்ச மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரே உற்சாகம். "வந்து பாருங்க மேடம். இனிமே ஒருத்தனும் கை வெக்க முடியாது."

போனேன். எல்லாக் கம்பிகளிலும் எல்லா டர்ன்பக்கிள்களையும் வெல்டிங் வைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, பளபளவென்று ஆக்கியிருந்தார். ஒன்றையும் அசைக்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் மரம் காய்ந்து சுருங்கினாலும், ஐப்பசி மழையில் உப்பினாலும், கம்பியை இனி யாராலும் ஒரு நூல்கூடச் சரிசெய்ய முடியாது. "தொடாதீங்க" என்று நான் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "என்னைக் கேட்காமல்" என்று சேர்த்துச் சொன்னதை மறந்துவிட்டார்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாச்சு மேடம், மயக்கமா? டீ சொல்லட்டா?" என்றார். டீ வேண்டாம், கட்டிங் மெஷின் வேண்டும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்து எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெல்டரை வரவழைத்து வெல்டிங்கை ஒவ்வொன்றாக அறுத்தோம். நான் ஏணியில் நின்று எங்கே அறுக்க வேண்டும் என்று காட்டினேன். தணிகாசலம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பி தளர்ந்தால் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், முனையைப் பார்க்க வேண்டும், மரம் நன்றாக இருந்தால் மட்டும், ஆள் வைத்து, கால் கால் சுற்றாக இறுக்கலாம் என்று மேலேயிருந்தே மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடியே பேசினார்.

"ஒண்ணுமில்லடா, நம்ம கொடவுன்ல கம்பிய அறுத்துகினு கீறோம்... ஆமா, நான்தான் வெல்டிங் வெச்சேன். தப்பாம். ஒங்க மில்லுல கூட இதே மாதிரி கம்பி கீதே, அதுல எதாச்சும் தளந்துச்சுன்னா முறுக்காத, இன்னா? ஏன் தளந்துச்சுன்னு பாரு மொதல்ல. செவுரு ஈரமா கீதான்னு பாரு... அப்புறமாவா? அப்புறம் இன்னான்னு எனக்குத் தெரியாது. மேடம் இன்னும் சொல்லிகினு கீறாங்க."

அவர் போனை வைக்கும்வரை ஏணியிலேயே காத்திருந்து, மீதிப் பாதியையும் சொன்னேன்.